வி.எம். ஒன்பது

ரோஜா வாங்கிய எம்ப்ராய்டரி மெஷின், வேறு யாரோ போட்டு வைத்திருந்த டிசைன்களோடு வந்து சேர்ந்தது. பள்ளிக்கூட யூனிஃபார்ம்களுக்கு பேட்ஜ் தைத்துக் கொடுத்துவந்த விழுப்புரத்துக் கம்பெனி ஒன்று கொரோனாவோடு மூடிவிட்டது. அதன்பிறகு மெஷின் சில வருஷம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. அதை லாரியில் ஏற்றித் திண்டிவனத்துக்குக் கொண்டுவந்து தன் தையல் கடையில் இறக்கிவைத்த அன்றே, மெக்கானிக் பூவரசனை வரவழைத்துக் காட்டினாள்.

மோட்டார், ஊசி, பெல்ட் எல்லாம் நன்றாக இருந்தன. திரையின் ஓரத்தில் ஒரு பேட்டரிப் படம் மட்டும் விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது.

"மெமரி பேட்டரி போவப்போவுதுக்கா. இத்தினி நாள் தாங்கினதே பெரிசு. மாத்தினா உள்ள இருக்குற டிசைன் மொத்தமும் பூடும். வேணும்னா முதல்ல காப்பி பண்ணி வெச்சுக்கங்க, அப்பால வந்து மாத்தித் தர்றேன்" என்றான் பூவரசன்.

"உள்ள என்னா இருக்குது?"

"எவனுக்குத் தெரியும்? பழைய பேட்ஜா இருக்கும். அழிச்சிடுங்க, மெஷின் லைட்டா ஓடும்."

வேறு யாராக இருந்தாலும் அழித்திருப்பார்கள். ஆனால் ரோஜா, வறுத்த மல்லாட்டைக் கடலையை மடித்துக் கொடுத்த காகிதத்தைக்கூடப் படித்துப் பார்க்காமல் கசக்கிப் போடமாட்டாள். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போனாள்.

அந்தக் கடை கலைமதியுடையது. பெருமுக்கல்லிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வந்து திறப்பாள். கணினியில் எது கெட்டாலும் அந்தத் தெருவில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் வந்து மெஷினைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இதுல ஃபிளாப்பி போடுற ஓட்டைதான் இருக்குது. என் லேப்டாப்புல பென் டிரைவ் போடுற ஓட்டைதான் இருக்குது. ரெண்டும் எப்படிக்கா பேசிக்கும்?"

"நீ பேச வையேன்."

வெளியிலிருந்து மாட்டும் ஃபிளாப்பி டிரைவ் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தார்கள். ஃபிளாப்பிகள்தான் கிடைக்கவில்லை. கடைசியில் புதுச்சேரியில் ஒரு ஸ்டேஷனரிக் கடைக்காரர், பரண்மேல் இருந்த பெட்டி ஒன்றைத் தூசு தட்டிக் கொடுத்தார். அதில் பாதி கெட்டுப்போயிருந்தது.

ஒரு சனிக்கிழமை மதியம் வேலையை ஆரம்பித்தார்கள். ரோஜா முதல் டிசைனை ஃபிளாப்பியில் ஏற்றினாள். மெஷின் கரகரவென்று சத்தம் போட்டு, முடிந்தது என்று காட்டியது. கலைமதி அதை லேப்டாப்பில் போட்டாள்.

"ஃபார்மேட் பண்ணட்டுமான்னு கேக்குதுக்கா."

"பண்ணினா என்னா ஆவும்?"

"உள்ள இருக்குறது அழிஞ்சிடும்."

"ஐயோ, வேணாம்னு சொல்லு!"

"சொல்லிட்டேன். அப்பவும் தொறக்க மாட்டேங்குது. ஃபிளாப்பி நல்லாத்தான் இருக்குது. மெஷின் அது பாட்டுக்கு ஒரு தினுசா எழுதுது, இது வேற தினுசா படிக்கப் பாக்குது. ஒண்ணு எழுதுறது இன்னொண்ணுக்குப் புரியல."

ரோஜா மெஷின் திரையில் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனாள். எங்கோ அடியில், ஃபிளாப்பியில் எந்த முறையில் எழுத வேண்டும் என்று கேட்கும் இடம் ஒன்று இருந்தது. முதலாவது அந்த மெஷினுக்கே உரிய முறை, இரண்டாவது கணினிக்கான முறை. கலைமதி ஒரு வெறும் ஃபிளாப்பியை லேப்டாப்பிலேயே தயார் பண்ணிக் கொடுக்க, ரோஜா இரண்டாவது முறையில் எழுத வைத்தாள். இந்தத் தடவை லேப்டாப் ஃபைலைத் திறந்தது. திரையில் ஒரு மயில் தோகையோடு வந்து நின்றதும் இரண்டு பேரும் கைதட்டினார்கள்.

மயிலின் கழுத்து மஞ்சளாக இருந்தது. தோகை சிவப்பு.

"கலர் மாறிப்போச்சு பாருக்கா. காப்பி பண்றப்ப கெட்டுடுச்சு போல."

"கெடல. இந்த ஃபைல்ல கலரே இருக்காது. ஊசி எங்க குத்தணும், எங்க நிக்கணும், அவ்ளோதான் இருக்கும். நின்னதும் அடுத்து எந்த நூலுன்னு ஓட்டுறவங்கதான் முடிவு பண்ணணும். உன் லேப்டாப்பு அதும் இஷ்டத்துக்குக் கலர் போட்டுக்குது."

ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கினார்கள். மாங்காய்கள், ரோஜாக்கொத்து, விளக்குப் போட்ட பள்ளி பேட்ஜ், ஒரு கபடி டீமின் புலித்தலை. எல்லாவற்றையும் லேப்டாப்பில் ஒன்றும் பென் டிரைவில் ஒன்றுமாகக் கலைமதி சேமித்துவந்தாள். பட்டியலின் கடைசியில் 'வி.எம்.' என்று ஆங்கிலத்தில் பெயரிட்ட டிசைன்கள் ஒன்று முதல் ஒன்பது வரை இருந்தன.

வி.எம். ஒன்றைத் திறந்ததும் இருவரும் திரையை உற்றுப் பார்த்தார்கள். அது பூவுமில்லை, எழுத்துமில்லை. இரண்டு நீளப் பட்டைகள். நடுவில் ஏணி போல ஒன்று. அங்கங்கே சின்னச் சின்னக் கட்டங்கள், ஓரத்தில் மொட்டு மொட்டாகப் புள்ளிகள். இரண்டாவதும் மூன்றாவதும் அதே தினுசுதான்.

"இது கண்டிப்பா கெட்டுப்போனதுதான்" என்றாள் கலைமதி.

எட்டு வரைக்கும் ஏற்றிவிட்டார்கள். அப்படியே ஒன்பதையும் ஏற்றியிருக்கலாம். ரோஜாவுக்குப் பொறுக்கவில்லை. கெட்டுப்போனதா இல்லையா என்று தெரிந்தே ஆகவேண்டும் என்று, முதலாவதை இன்னொரு ஃபிளாப்பியில் மறுபடி ஏற்றி, இரண்டு பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னாள். கலைமதி ஒப்பிட்டுப் பார்த்தாள். கடைசித் தையல் வரை இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

"கெடல. இப்படித்தான் போட்டிருக்காங்க" என்றாள் ரோஜா. ஒன்பதுக்காக ஃபிளாப்பியை எடுத்தாள். அப்போது கரண்ட் போனது.

கரண்ட் திரும்பி வந்ததும் மெஷின் வழக்கம்போலக் கிர்ரென்று விழித்துக்கொண்டது. பட்டியல் மட்டும் காலியாக இருந்தது. பேட்டரிப் படம் மின்னவில்லை, அடியோடு அணைந்திருந்தது.

"முதல்ல எல்லாத்தையும் எடுத்துட்டு அப்புறமா பாத்திருக்கணும்கா" என்றாள் கலைமதி மெதுவாக.

ஒன்பதாவதில் என்ன இருந்திருக்கும் என்ற கேள்வி அந்த வாரம் முழுக்க ரோஜாவை அரித்துக்கொண்டிருந்தது.

பூவரசன் புது பேட்டரி போட்டதும் ரோஜா முதல் வேலையாக வி.எம். ஒன்றை ஃபிளாப்பியிலிருந்து மெஷினில் ஏற்றி, ஒரு வேஸ்ட் துணியில் ஓட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு நிறம் மாற்றினாள். சிவப்பு, பச்சை, நீலம். பார்க்கச் சகிக்கவில்லை. நிறங்களை மாற்றிப் போட்டாள். அதுவும் உருப்படியாக வரவில்லை. மூன்றாவது தடவை, ஊசி போகும் போக்கை மட்டும் கவனித்தாள். ஒவ்வொரு கட்டத்துக்கும் மெஷின் முதலில் மெல்லிசாக ஒரு கோடு போட்டு நின்றது. அப்புறம் அதே கோட்டின் மேல் நெருக்கமாக, அகலமாகத் தைத்து மூடியது.

இது அவளுக்குத் தெரிந்த வேலை. ஒலக்கூர்ப் பையன்கள் டீம் தொப்பிக்கு எழுத்து புடைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று கேட்டபோது, முன்பு வேலை பார்த்த கடையில் செய்திருக்கிறாள். முதல் கோடு, ஃபோம் ஷீட்டை எங்கே வைப்பது என்று காட்டுவதற்கு. மெஷின் நிற்பது, அதை வைக்க அவகாசம் தருவதற்கு. அப்புறம் மேலே தைத்தால் ஃபோம் உள்ளே மாட்டிக்கொண்டு தையல் மேடாக எழும்பும்.

நின்ற இடமெல்லாம் நூல் மாற்றத்தான் என்று நினைத்தது தப்பு. நூலையே மாற்ற வேண்டியதில்லை.

வெள்ளைத் துணியை மாட்டி, வெள்ளை நூல் போட்டு, நின்ற இடத்திலெல்லாம் ஃபோம் துண்டு வைத்து ஓட்டினாள். எட்டையும் முடிக்க மூன்று நாள் பிடித்தது. கடை மேஜைமேல் மூன்று வரிசையாக அடுக்கினாள். ஒன்றின் ஓரத்தில் முடிந்த பட்டை அடுத்ததில் தொடர்ந்தது. வலப்பக்கக் கீழ்மூலை மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

கலைமதி வந்து கையை வைத்துப் பார்த்தாள். ஓரத்து மொட்டுகளின்மேல் அவள் விரல் நின்றது.

"அக்கா, இந்தப் புள்ளி லிஃப்டுல பாத்திருக்கேன். பொத்தான் பக்கத்துல இருக்கும். கண்ணு தெரியாதவங்க தடவிப் படிக்குறது."

ரோஜா உடனே பூவரசனுக்குப் போன் போட்டு, விழுப்புரம் கம்பெனியில் அந்த மெஷினை ஓட்டியது யார் என்று கேட்டாள். சாயந்திரத்துக்குள் ஒரு நம்பர் வந்தது. பெயர் சித்தார்த்தன், இப்போது விழுப்புரம் பக்கத்து அனந்தபுரத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறார்.

"வி.எம்.மா?" என்றார் அவர். "அது இன்னும் இருக்குதாங்க? முதலாளி கம்பெனியப் பூட்டிக்கினு போயிட்டார். டிசைன் எல்லாம் மெஷின்லயே மாட்டிக்கிச்சு. நான் தனியா காப்பி எடுத்து வெச்சுக்கல."

"எட்டு இருக்குதுங்க. அது என்னா சொல்லுங்க, எனக்கு மண்ட வெடிக்குது."

"விழுப்புரம் ஜங்ஷங்க. ட்ரெயின் ஆப்புல வி.எம்.னு போடுவான் பாருங்க."

ரோஜா திரும்பி மேஜையைப் பார்த்தாள். நீளப் பட்டைகள் பிளாட்பாரங்கள். ஏணி, மேம்பாலத்துப் படிக்கட்டு. எத்தனையோ தடவை ஏறி இறங்கிய இடம். மேலேயிருந்து ஒருநாளும் பார்த்ததில்லை, அதனால் அடையாளம் தெரியவில்லை.

அந்தக் காலத்தில் சித்தார்த்தன் திண்டிவனத்திலிருந்து பாசஞ்சர் ரயிலில் வேலைக்குப் போய்வந்தார். அதே பெட்டியில் லூர்துமேரி என்று ஒருவர் வருவார். விழுப்புரத்தில் ஒரு வங்கியில் வேலை. பிறவியிலேயே பார்வை கிடையாது. ஒருநாள் பேச்சுவாக்கில் ஸ்டேஷனைப் பற்றி அவர் கேட்டதைத்தான் சித்தார்த்தன் மதிய இடைவேளைகளில் உட்கார்ந்து டிசைனாக்கினார். தைத்துக் கொடுப்பதற்குள் ஊரடங்கு வந்துவிட்டது.

"அவங்க ஒருதரம்கூடத் தொட்டுப் பாக்கலீங்க" என்றார்.

இரண்டாவது சனிக்கிழமை வங்கி விடுமுறை. சித்தார்த்தன் போனில் சொல்லியிருந்ததால் லூர்துமேரி மடக்குக் கோலோடு கடைக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். கலைமதி நாற்காலியை இழுத்துப் போட்டாள். ரோஜா எட்டுத் துண்டுகளையும் சேர்த்துத் தைத்து ஒரே விரிப்பாக வைத்திருந்தாள்.

லூர்துமேரி இரண்டு கைகளையும் ஓரத்திலிருந்து உள்ளே நகர்த்தினார். மொட்டுகளின்மேல் விரல் ஓடியதும் பலமாகச் சிரித்தார்.

"சித்தார்த்தன் சார் 'தீக் கடை'ன்னு போட்டிருக்கார். டீக்கடைய எரிச்சிட்டார்!"

ரோஜாவும் சிரித்தாள். பிறகு மனதில் இருந்ததைக் கேட்டேவிட்டாள். "மேடம், தெனமும் போற ஸ்டேஷன்தானே? உங்களுக்கு வழி தெரியாதா?"

"வழி நல்லாத் தெரியும். எறங்குவேன், படி ஏறுவேன், எறங்குவேன், வெளிய போவேன். என் கால் போற அந்த ஒரு கோடுதான் எனக்கு ஸ்டேஷன். மீதி என்னா இருக்குதுன்னு தெரியாது. பக்கத்துல ஒரு வண்டி வந்து நிக்கும், எங்க நிக்குதுன்னு தெரியாது. பாண்டிச்சேரி வண்டி அந்தக் கோடியில இருந்து கெளம்பும்னு சொல்வாங்க. எது அந்தக் கோடி? வழி கேட்டா எல்லாரும் கையப் புடிச்சுக் கூட்டிக்கினு போயிடுறாங்க. எடம் எப்படி இருக்குதுன்னு சொல்ல யாருக்கும் டைம் இல்ல. சித்தார்த்தன் சார் ஒருத்தர்தான் கேட்டுக்கினார்."

பேசிக்கொண்டே இருந்தாலும் கைகள் நிற்கவில்லை. பட்டைகளுக்கு நடுவே இருந்த தண்டவாளக் கோடுகளை எண்ணினார். மேம்பாலத்தை மூன்று தடவை ஏறி இறங்கினார். "ஓ, பாலம் எல்லா பிளாட்பாரத்துக்கும் மேலயே போவுதா? நான் பாதியிலயே எறங்கிடுறேனா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். ஒரு பட்டையைப் பிடித்துக்கொண்டு வலதுபக்கம் போனவர், விளிம்பில் நின்றார்.

"இதுக்கப்புறம்?"

ரோஜா நடந்ததைச் சொன்னாள். மெஷினிலிருந்து லேப்டாப்புக்கு மாற்றும்போது தன் ஆர்வக்கோளாறால் ஒன்று போய்விட்டது என்று சொல்லும்போது குரல் இறங்கியது.

லூர்துமேரி அந்த வெறும் மூலையைத் தடவினார். "என்னா ஒரு கஷ்டகாலம் பாருங்க. நான் கேட்டதே இந்த மூலையத்தான். பிளாட்பாரம் எப்படி முடியுதுன்னுதான் அவரக் கேட்டேன். செவுரு கட்டி அடைச்சிருப்பாங்களா, படிக்கட்டு இருக்குமா, இல்ல பொசுக்குனு பள்ளத்துல வுட்டுடுவாங்களா? அதுல ஆரம்பிச்சுதான் இவ்ளோ பெரிசாச்சு."

ரோஜாவும் கலைமதியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிளாட்பாரம் எப்படி முடிகிறது? எவ்வளவோ தடவை அதில் நின்றிருக்கிறார்கள். உடனே சொல்ல இரண்டு பேருக்குமே வரவில்லை. சித்தார்த்தனுக்குப் போன் போட்டால் அவரும், "போட்டேங்க, எப்படிப் போட்டேன்னு ஞாபகம் இல்ல" என்றார்.

"அப்போ போய்ப் பாத்துடலாம்" என்றாள் ரோஜா.

ஞாயிற்றுக்கிழமை ரோஜாவும் லூர்துமேரியும் ரயிலில் போய் இறங்கினார்கள். சித்தார்த்தன் அனந்தபுரத்திலிருந்து பைக்கில் வந்து, பிளாட்பாரம் டிக்கெட்டோடு காத்திருந்தார். நெட்டையான மனிதர். லூர்துமேரியின் குரலைக் கேட்டதும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மேடம், நான்தான். தீக் கடை" என்றார்.

வழக்கமாகப் படியேறும் இடத்தைத் தாண்டி மூன்று பேரும் நேராக நடந்தார்கள். கூரை முடிந்ததும் லூர்துமேரி முகத்தைத் தூக்கினார். "வெயில் வந்துடுச்சு. கூரை இதோட நின்னுபோச்சா?" தண்ணீர்க் குழாயொன்றைக் கோலால் தட்டிப் பார்த்தார். பார்சல் வண்டிகள் இரண்டு சங்கிலி போட்டுக் கிடந்தன; சக்கரத்திலிருந்து கைப்பிடி வரை தொட்டுப் பார்த்தார். ஒரு பெஞ்சில் யாரோ துண்டால் முகத்தை மூடித் தூங்கிக்கொண்டிருந்தார்கள். "இங்க வந்து தூங்குறாங்களா? நல்ல எடந்தான்" என்றார் குரலைத் தாழ்த்தி. ஊர்ப் பெயர் எழுதிய மஞ்சள் பலகை வந்தது. அதன் கால்களுக்கு நடுவே நின்று இரண்டு கையையும் விரித்து அகலம் பார்த்தார்.

பலகையைத் தாண்டியதும் அவர் நடை மாறியது. நின்று, ஒரு காலை முன்னால் வைத்து, கொஞ்சம் அழுத்திப் பார்த்தார்.

"எறங்குது."

"ஆமாம் மேடம்" என்றார் சித்தார்த்தன்.

"செவுரு இல்ல. படியும் இல்ல. சரிவா எறங்குது!" கோலை நீட்டிக்கொண்டு மெல்ல மெல்லக் கீழே போனார். ரோஜா பக்கத்திலேயே போனாள், கையைப் பிடிக்கவில்லை. சரிவு முடிந்து, சிமெண்டு முடிந்து, கோல் ஜல்லியில் மோதிக் கலகலத்தது. லூர்துமேரி குனிந்து ஒரு ஜல்லியை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே போட்டார். "ஏரிக்கரையில எறங்குற மாதிரி எறங்கித் தரையோட தரையா சேந்துடுது. இவ்ளோ வருஷமா பெரிய செவுரா வெச்சிருந்தேன் மனசுல." தூரத்தில் ஒரு என்ஜின் ஒலித்தது. ரோஜா, "மேல ஏறிடலாம் மேடம்" என்றாள். அவர் ஏறவும் இறங்கவுமாக இன்னும் இரண்டு நடை நடந்த பிறகுதான் வந்தார்.

சரிவைத் தையலில் கொண்டுவருவது சுலபமாக இல்லை. ஃபோம் வைத்தால் மேடு வரும். மேடு முடிகிற இடத்தில் சட்டென்று பள்ளம்தான் விழும். முதல் முயற்சி நிஜமாகவே சுவர்போல வந்தது. டிசைன் போடும் மென்பொருளைக் கலைமதியின் லேப்டாப்பில் வைத்து, சித்தார்த்தன் போனிலேயே சொல்லச் சொல்ல, ரோஜா கற்றுக்கொண்டாள். இரண்டு வாரம் இதே பேஜாராகப் போனது. கடைசியில் ஃபோமை மூன்று அடுக்காக, ஒன்றைவிட ஒன்று குட்டையாக வெட்டிவைத்து, தையலையும் போகப்போக அகலவிட்டபோது, விரல் வழுக்கிக்கொண்டு துணிக்கு இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டு திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் 'வி.எம். ஒன்பது' என்று பெயரிட்டாள். சேமித்த கையோடு கலைமதி அதை மூன்று இடத்தில் காப்பி போட்டாள்.

திங்கட்கிழமை காலை ரயிலில், விழுப்புரத்தில் நூல் வாங்குகிற சாக்கில், ரோஜாவும் லூர்துமேரியோடு கிளம்பினாள். வண்டி நகர்ந்ததும் லூர்துமேரி விரிப்பை மடியில் விரித்தார். கைகள் நேராக அந்த மூலைக்குத்தான் போயின. சரிவில் இறங்கி, ஏறி, மறுபடி இறங்கி, "அதேதான்" என்றார். அப்புறமும் அவர் விரல் ஜல்லி வரைக்கும் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

எதிர் சீட்டில் சவுரிராயன் உட்கார்ந்திருந்தார். கோர்ட்டில் வேலை பார்க்கிறவர், தினமும் அதே பெட்டிதான். "என்னா மேடம் இது, டேபிள் கிளாத்தா?" என்று எட்டிப் பார்த்தார். லூர்துமேரி சொன்னதும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். இன்னும் இரண்டு பேர் எழுந்து வந்தார்கள்.

"பாலம் சரி. தண்ணிக் கொழாய் இந்தப் பக்கம் இல்லியே. அந்தப் பக்கந்தானே?" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

"இல்ல சார், இந்தப் பக்கந்தான். நான் பாட்டில் புடிப்பேனே" என்றார் இன்னொருவர்.

"அது சரி, பிளாட்பாரம் சரிவா முடியுதா? நேரா வெட்டினாப்ல இருக்கும்யா. முப்பது வருஷமா பாக்குறேன்" என்றார் சவுரிராயன்.

"போய்ப் பாத்தீங்களா?" என்று கேட்டார் லூர்துமேரி.

"போய்ப் பாக்கல. ஆனா பாத்திருக்கேன்."

முண்டியம்பாக்கம் தாண்டியும் சண்டை ஓயவில்லை. ஒருவர் வரைந்து காட்டினார், இன்னொருவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. விழுப்புரத்தில் இறங்கியதும் எல்லோரும் வழக்கம்போலப் படிக்கட்டுக்குப் போகாமல், சவுரிராயன் முன்னால் நடக்க, பலகை இருந்த கோடியைப் பார்த்துக் கிளம்பிவிட்டார்கள்.

லூர்துமேரி மேம்பாலத்துப் படி ஓரமாக விரிப்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"பேங்குக்கு டைம் ஆவலையா மேடம்?" என்றாள் ரோஜா.

"ஆவுதுதான். இருங்க, சவுரிராயன் சார் வந்து என்னா சொல்றார்னு கேட்டுட்டுப் போலாம்."